மறதி ஆய்வின் வாசலில் ஹிஸ்பானிய முதியவர்கள்

(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக நோயின் அறிகுறிகளிலிருந்து தொடங்குவார்கள். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். இந்த நோயைப் பற்றி மருத்துவ உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் யாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது? யாருடைய இரத்தம், யாருடைய மூளைப் படம், யாருடைய பதில்கள் அந்த ஆய்வுக் கட்டுரைகளுக்குள் இருக்கின்றன? அமெரிக்காவில் மறதி ஆய்வுகளுக்கு முதியவர்களைச் சேர்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவள் நான். அங்கே ஸ்பானிய மொழி பேசும் தாத்தா பாட்டிகளோடு பழகிய அனுபவமே இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது. ஆகவே இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை ஹிஸ்பானியர் அல்லது லத்தீனோ என்று பதிந்துகொண்டவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். நூற்றுக்குப் பத்தொன்பது பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரே பெயருக்குள் எத்தனையோ மக்கள் இருக்கிறார்கள். மெக்சிகோ எல்லைக்கு இந்தப் பக்கம் பல தலைமுறையாக வாழும் டெக்சஸ்காரர்கள், கலிபோர்னியாவின் தக்காளி வயல்களில் முதுகு வளைந்தவர்கள், நியூயார்க்குக்கு வந்த டொமினிக்கர்கள், பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமக்களான போர்த்தோ ரீக்கோ தீவினர், மயாமியின் கியூபர்கள், போருக்குத் தப்பி வந்த மத்திய அமெரிக்கர்கள். உணவும் உச்சரிப்பும் வேறு, வந்த காரணமும் வேறு. முதுமையில் நோய் வந்து சேரும் விதமும் வேறுபடக்கூடும்.

இவர்களில் முதியவர்களுக்கு அல்சைமரோ வேறு வகை மறதி நோயோ வரும் வாய்ப்பு, வெள்ளை முதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்று அமெரிக்காவின் அல்சைமர் அசோசியேஷன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராய்பால் நிறுவனம் 2016-இல் வேறோர் அமைப்போடு கூட்டாக வெளியிட்ட ஒரு கணிப்பின்படி, 2012-இல் அல்சைமரோடு வாழ்ந்த லத்தீனோக்கள் 3,79,000 பேர். 2030-இல் அது 11 லட்சமாகும், 2060-இல் 35 லட்சமாகும். இந்த எண்களை ஒருபக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம் இதைப் பாருங்கள். 2021 ஜூனில் அடுகானுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அல்சைமருக்கு வந்த முதல் புதிய மருந்து என்பதால் உலகமெங்கும் பேசப்பட்டது. அதன் இரண்டு பெரிய சோதனைகளில் இருந்தவர்கள் 3,285 பேர். அவர்களில் ஹிஸ்பானியர் சுமார் 3 விழுக்காடு. கறுப்பின மக்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. அந்த மருந்தை அதன் நிறுவனம் 2024-இல் கைவிட்டுவிட்டது, அது தனிக்கதை. நோய் அதிகம் தாக்கும் மக்கள் அந்த நோயின் சோதனையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதுதான் நம் கவலை. ஆய்வுகளில் சிறுபான்மையினரும் பெண்களும் இடம்பெற வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1993-இல். சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகியும் நிலைமை இது.

ஏன் என்று கேட்டால் ஆய்வு மையங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "அவர்கள் வர மாட்டார்கள். பயப்படுகிறார்கள். நம்பிக்கை இல்லை." இந்தப் பதிலை நான் நூறு கூட்டங்களில் கேட்டிருப்பேன். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. முதலில் பொய்யான பாதியைப் பார்த்துவிடலாம்.

2006-இல் டேவிட் வெண்ட்லர் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருபது மருத்துவ ஆய்வுகளை எடுத்து, அவற்றில் சேரச் சொல்லிக் கேட்கப்பட்ட 70,000-க்கும் மேற்பட்டவர்களில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் சரி என்றார்கள் என்று பார்த்தார்கள். சிறுபான்மையினர் சம்மதித்த விகிதம் வெள்ளையர்களுடையதோடு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. மருந்தோ சிகிச்சையோ இல்லாத, பேட்டியும் இரத்தப் பரிசோதனையும் மட்டுமான ஆய்வுகளில் ஹிஸ்பானியர்கள் ஒரு படி கூடுதலாகவே சம்மதித்திருந்தார்கள். ஆனால் கேட்கப்பட்டவர்களில் அவர்களுடைய எண்ணிக்கையே குறைவு. அவர்கள் மறுத்தார்கள் என்று எழுதிய இடங்களில் பலவற்றில் அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

கேட்ட இடங்களில் வந்தார்கள் என்பதற்குச் சான்று நிறைய உண்டு. நியூயார்க்கின் வட மன்ஹாட்டனில், வாஷிங்டன் ஹைட்ஸ், இன்வுட் பகுதிகளில், கொலம்பியா பல்கலைக்கழகம் 1989-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அந்தத் தெருக்களில் வாழும் டொமினிக்க முதியவர்களும் கறுப்பின முதியவர்களும் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். 1998-இல் வந்த கட்டுரையொன்றில் அந்த ஆய்வு ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னது. அல்சைமருக்குப் பெரிய மரபணுக் காரணமாகச் சொல்லப்படும் ஏபிஓஈ-4 வகை இல்லாதவர்களிடையேகூட, தொண்ணூறு வயதுக்குள் நோய் வரும் ஆபத்து ஹிஸ்பானியருக்கு வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அதுவரை பெரும்பாலும் வெள்ளையர்களைப் பார்த்தே எழுதப்பட்ட மரபணுக் கதை இந்த மக்களுக்கு முழுசாகப் பொருந்தவில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் மேரி ஹான் தலைமையில் 1998-இல் தொடங்கிய ஆய்வில் 1,789 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். ஆய்வாளர்கள் அவர்களை மருத்துவமனைக்கு வரச் சொல்லவில்லை. பன்னிரண்டு முதல் பதினைந்து மாதங்களுக்கு ஒருமுறை அவர்களுடைய வீட்டுக்கே போனார்கள். இடையில் தொலைபேசியில் நலம் விசாரித்தார்கள். பத்தாண்டு நடந்தது அந்த வேலை. அவர்களிடையே காணப்பட்ட மறதி நோயில் 43 விழுக்காட்டுக்குச் சர்க்கரை நோயும் பக்கவாதமும் காரணமாக இருக்கலாம் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. எத்தனை பெரிய செய்தி இது! சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மறதியையும் ஓரளவு தள்ளிப்போடலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் கிடைத்தது. வீட்டு வாசல் வரை போகாமல் இருந்திருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது.

இனி, அந்தப் பதிலின் உண்மையான பாதி. பயம் இருக்கிறது. அதை அறியாமை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன், அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1956-இல் கருத்தடை மாத்திரையின் பெரிய அளவுச் சோதனை போர்த்தோ ரீக்கோவின் ரியோ பியேத்ராஸ் குடியிருப்பில் தொடங்கியது. மாத்திரையின் வீரியம் இன்றைய அளவைவிடப் பல மடங்கு. இது சோதனை என்பதே அந்த ஏழைப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அதே தீவில் 1965-இல் எடுத்த கணக்கெடுப்பில், இருபது முதல் நாற்பத்தொன்பது வயது வரையான தாய்மார்களில் மூன்றில் ஒருவருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டிருந்தது. எழுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில், பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த மெக்சிகோப் பெண்களிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்தார்கள். பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1978-இல் தீர்ப்பு மருத்துவர்கள் பக்கமே வந்தது. குவாத்தமாலாவில் 1946 முதல் 1948 வரை, சிறைக்கைதிகளுக்கும் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் வேண்டுமென்றே பாலியல் நோய்களைத் தொற்ற வைத்தார்கள். அமெரிக்க அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2010-இல்.

எழுபதுகளில் அந்த மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இன்று என்ன வயது இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மறதி ஆய்வுகள் தேடிக்கொண்டிருப்பது அந்த வயதுக்காரர்களைத்தான். நாங்கள் அவர்கள் முன்னால் மறுபடியும் ஒரு படிவத்தை வைக்கிறோம். அவர்கள் ஒரு கணம் தயங்கினால் அதை "சமூகத்தின் தடை" என்று அறிக்கையில் எழுதுகிறோம். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

பயத்தையும் தாண்டி வருகிறவர்களை ஆய்வின் அமைப்பே திருப்பி அனுப்புவதும் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு இது அதிகம் தெரியாது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அல்சைமர் மருந்துச் சோதனைகளில் சேர, நோயாளியோடு ஒரு துணை வேண்டும். ஒவ்வொரு சந்திப்புக்கும் கூட வரவேண்டும். அவருடைய நடவடிக்கையில் என்ன மாற்றம் என்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். வெள்ளைக் குடும்பங்களில் இந்தத் துணை பெரும்பாலும் கணவனோ மனைவியோ. ஓய்வுபெற்றவர், கார் ஓட்டுகிறவர், பகல் முழுக்க நேரம் உள்ளவர். ஹிஸ்பானியக் குடும்பங்களில் துணையாக வருவது பல நேரம் மகள். அவள் வேலைக்குப் போகிறவள். மணிக்கணக்குக்குக் கூலி, ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை மூன்று வரை ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவளிடம் சொல்வது, வராதே என்று சொல்வதற்குச் சமம். சனிக்கிழமையும் மாலை வேளையும் மையத்தைத் திறந்து வைத்தால், வண்டிச் செலவும் இழந்த கூலியும் கொடுத்தால், நிலைமை மாறுகிறது. இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை, பணமும் மனசும் இருந்தால் போதும்.

அடுத்து நோய் விதிகள். கட்டுக்கடங்காத சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முன்பு வந்த பக்கவாதம் இருந்தால் பல சோதனைகளில் இடமில்லை. சர்க்கரையும் பக்கவாதமும்தான் இந்த மக்களின் மறதிக்குப் பெரிய காரணம் என்று சாக்ரமெண்டோ சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள். அதற்கும் மேலே, மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதா என்ற சோதனை. லெகானமாப் மருந்தின் பெரிய சோதனை முடிவு 2022 இறுதியில் வந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. 1,795 பேர் கொண்ட அந்தச் சோதனையில், அமெரிக்காவில் சேர்ந்தவர்களில் 22.5 விழுக்காட்டினர் ஹிஸ்பானியர். முயன்றால் முடியும் என்று நிரூபித்தார்கள். ஆனால் அதே ஆண்டில் வெளிவந்த வேறொரு பெரிய அமிலாய்டு ஸ்கேன் ஆய்வு, ஒரே மாதிரியான நினைவுக் குறைபாட்டோடு வருகிறவர்களில் ஹிஸ்பானியருக்கு வெள்ளையரைவிடக் குறைவாகவே அமிலாய்டு தெரிகிறது என்று காட்டியது. அப்படியானால் அவர்களுடைய மறதிக்குப் பின்னால் இருப்பது என்ன? இரத்தக்குழாய்க் கேடா, பல காரணங்களின் கலவையா? இதற்கு விடை தேடத்தான் அந்த ஆய்வின் அடுத்த கட்டத்தில் 2,000 லத்தீனோக்களையும் 2,000 கறுப்பின மக்களையும் சேர்ப்பதென்று இலக்கு வைத்தார்கள். சோதனைக்குள் விடாமல் திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரிடமும் இந்த விடையின் ஒரு துண்டு இருந்திருக்கும்.

மூன்றாவது தடை, நாங்கள் கொடுக்கும் நினைவுப் பரிசோதனை. ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். மெக்சிகோவில் இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வாழ்நாள் முழுக்கக் கலிபோர்னியப் பள்ளத்தாக்கின் பண்ணைகளில் தண்ணீர் கட்டியவர். மேஜையில் காகிதம் வைத்து, கடிகாரம் வரையுங்கள், பதினொன்று பத்துக்கு முள்ளை வையுங்கள் என்றேன். அவர் பென்சிலை வாங்கி விரல்களுக்கிடையே இப்படியும் அப்படியும் மாற்றிப் பிடித்துப் பார்த்தார். வட்டம் கோணலாக வந்தது. எண்கள் ஒருபக்கமாக நெருக்கிக்கொண்டு நின்றன. "மிஹா, நான் பென்சிலைத் தொட்டு எவ்வளவு காலமாச்சு தெரியுமா?" என்றார். மிஹா என்றால் மகளே. அடுத்து, உலகம் என்று பொருள்படும் 'முந்தோ' என்ற சொல்லின் எழுத்துகளைப் பின்னாலிருந்து சொல்லுங்கள் என்பது கேள்வி. ஆங்கிலச் சோதனையில் உலகம் என்ற சொல்லுக்கு ஐந்து எழுத்து. ஸ்பானிய மொழியிலும் வசதியாக ஐந்தே எழுத்து அமைந்துவிட்டதால் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒலிப்பது போலவே எழுதும் மொழியில் சொல்லை எழுத்தெழுத்தாக ஒப்பிக்கும் பழக்கம் பள்ளியில் அவ்வளவு கிடையாது. நம் கிராமத்துப் பாட்டியிடம் 'உலகம்' என்பதைத் தலைகீழாகச் சொல் என்று கேட்டுப் பாருங்கள், புரியும்.

பெரியவருக்கு மதிப்பெண் குறைவாக வந்தது. படிவத்தின்படி அவருக்குக் குறைபாடு. பரிசோதனை முடிந்ததும், எந்த ஆண்டு எந்த வாய்க்காலில் தண்ணீர் வற்றியது, அன்று யார் யார் வேலைக்கு வந்திருந்தார்கள் என்று எனக்கு அரைமணி நேரம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படிப்பு எத்தனை ஆண்டு என்பதோடு அந்தப் பள்ளி எப்படிப்பட்ட பள்ளி என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மேன்லி நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். கலிபோர்னியாவின் டேவிஸில் டான் மங்காஸ் குழுவினர், ஸ்பானிய மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் சமமாகப் பொருந்தும் சோதனைகளைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்து உருவாக்கினார்கள். இதெல்லாம் செய்யக்கூடிய வேலைதான், செய்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் ஊரின் பெயரும் வருகிறது. 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்தார்கள். மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆய்வில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியது இல்லை என்பதுதான் பெயருக்குப் பொருள். கியூபா, டொமினிக்கக் குடியரசு, பெரு, வெனிசுவேலா, மெக்சிகோ, சீனா ஆகிய நாடுகளோடு இந்தியாவில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அந்த ஆய்வில் இருந்தன. 2008-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், முதியோரில் மறதி நோய் இந்தியக் கிராமப்புறத்தில் வெறும் 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3. குழு தானே உருவாக்கிய, படிப்புக்கும் பண்பாட்டுக்கும் ஈடுகட்டிய அளவுகோலை வைத்தால், எந்த ஊரிலும் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையவில்லை.

வேலூர்க் கிராமத்தில் நோய் இல்லாமல் போகவில்லை, வீட்டில் அது தெரியவில்லை. தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்கள், காசுக் கணக்கை மகன் பார்த்துக்கொள்வான், வெளியே போனால் பேரன் கூடப் போவான். தாத்தாவால் என்ன முடியவில்லை என்று சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பமே வராது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். மெக்சிகோ அம்மா வாழும் கலிபோர்னிய வீட்டிலும் நான் பார்த்தது இதையேதான். தாங்கிப் பிடிக்கும் குடும்பம் நோயையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. மருத்துவரிடம் வரும்போது நோய் முற்றியிருக்கும். தொடக்க நிலையில் உள்ளவர்களைத் தேடும் மருந்துச் சோதனைக்கு அவர்கள் அப்போது பொருந்துவதும் இல்லை.

ஆகவே குடும்பத்தைச் சேர்க்காமல் இந்த மக்களைச் சேர்க்க முடியாது. ஒப்புதல் படிவம் சட்டப்படி ஒருவர் கையெழுத்து. நடைமுறையில் அது சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கும் விஷயம். இருபது பக்கப் படிவத்தை நடுவில் வைத்து, ஒரு தட்டு நிறைய இனிப்பு ரொட்டி, அம்மா, இரண்டு மகள்கள், தொலைபேசியில் வேறு ஊரிலிருக்கும் மகன், பக்கத்து வீட்டுத் தோழி. கேள்விகள் வரும். எடுக்கிற இரத்தத்தை எங்கே வைப்பீர்கள்? எங்கள் பெயரும் முகவரியும் குடியேற்றத் துறைக்குப் போகுமா? முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் நடக்க முடியாமல் போகுமா? இவற்றுக்கெல்லாம் நேர்மையாகப் பதில் சொல்லலாம். தடுமாற வைத்தது கடைசிக் கேள்வி: "அம்மாவுக்கு நோய் வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், எங்களிடம் சொல்வீர்களா?" பல ஆய்வுகளின் விதிப்படி அன்று அதற்கு விடை, சொல்ல மாட்டோம் என்பது. மேஜையில் ஓர் அமைதி விழும். ஆய்வுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்று அவர்கள் கேட்காமல் கேட்பது நமக்குப் புரியும்.

அந்த வீட்டுக்குள் போகிறவர் யார் என்பதும் முக்கியம். அங்கே ப்ரொமோத்தோரா என்று ஒரு வழக்கம் உண்டு. அதே தெருவில் வாழும், அதே தேவாலயத்துக்குப் போகும் பெண், கொஞ்சம் பயிற்சி பெற்று நலச்செய்திகளை வீடு வீடாகக் கொண்டுபோவாள். சர்க்கரைப் பரிசோதனையும் புற்றுநோய்ப் பரிசோதனையும் அப்படித்தான் அந்தத் தெருக்களில் பரவின. ஒரு ப்ரொமோத்தோரா கூட வந்தால் கதவு திறக்கும் விதமே வேறு. அவளுக்குப் பல ஆய்வுகளில் மணிக்கணக்குச் சில்லறைதான். ஆய்வின் பலன் அவளால் வருகிறது. அவளுக்கு நிரந்தரச் சம்பளமும், கேள்விகளை வகுக்கும் கூட்டத்தில் ஒரு நாற்காலியும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்றும் சொல்கிறேன்.

சிகாகோவில் டேவிட் மார்கெஸ் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதிய லத்தீனோக்களின் உடலசைவு குறைவாக இருக்கிறது, அது மூளைக்கும் கேடு என்று ஆய்வுகள் சொல்லின. அதற்கு உடற்பயிற்சி வகுப்பு வைப்பதுதான் வழக்கம். அவர் நடன வகுப்பு வைத்தார். மெரெங்கே, பச்சாத்தா, சா-சா-சா, சால்சா. வாரம் இருமுறை, நான்கு மாதம், முதியோர் மையங்களிலும் தேவாலய மண்டபங்களிலும். இளமையில் ஆடிய கால்கள் அவை. ஆய்வுக்கு வந்தோம் என்பதைவிட ஆட வந்தோம் என்று வந்தார்கள். அங்கேயே நினைவுப் பரிசோதனையும் நடந்தது. கலிபோர்னியாவில் டோலோரஸ் காலகர்-தாம்ப்சன் குழுவினர், அந்த மக்களுக்குப் பழக்கமான படக்கதை வடிவத்தில், மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கான கையேடு செய்தார்கள். அதைப் படித்த மகள்களின் மனச்சோர்வு குறைந்தது.

எல்லாவற்றையும்விட நீண்ட கதை தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் இருக்கிறது. ஆந்தியோக்கியா மலைப்பகுதியில் சில குடும்பங்களில் நாற்பது வயதைத் தாண்டியதுமே மறதி வந்துவிடும். சராசரியாக 44 வயதில் தடுமாற்றம், 49-இல் முழு நோய். சாபம் என்றார்கள், தொடக்கூடாத மரத்தைத் தொட்டதால் வந்தது என்றார்கள். எண்பதுகளில் ஃபிரான்சிஸ்கோ லொபேரா என்ற இளம் நரம்பியல் மருத்துவர், செவிலியர் ஒருவரோடு ஊர் ஊராகப் போய், தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, ஆயிரக்கணக்கானவர்களின் வம்சாவளியை எழுதினார். கெரில்லாக்களும் துணைப்படைகளும் மோதிக்கொண்டிருந்த காலம். ஆபத்துக்கு நடுவில்தான் போய் வந்தார்கள். தொண்ணூறுகளில் பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றமே காரணம் என்று தெரிந்தது. ஒருவர் இறந்தால் குழு அந்த வீட்டுக்குப் போகும், துக்கத்தில் உட்காரும், மூளைதானம் கேட்கும். குடும்பங்கள் கொடுத்தன. மெதெயின் நகரத்தின் மூளை வங்கி அப்படி உருவானது.

2013-இல் அந்தக் குடும்பங்களிலிருந்து 252 பேர், நோய் வரும் முன்பே தடுக்க முடியுமா என்று பார்க்கும் கிரெனெசுமாப் மருந்துச் சோதனையில் சேரத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் மலையிறங்கி வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். 2022-இல் முடிவு வந்தது, மருந்து பயன் தரவில்லை. அதே குடும்பங்களில், அந்த மரபணுவைச் சுமந்தும் எழுபது வயதுக்கு மேல்வரை நோய் அண்டாமல் வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி 2019-இல் கட்டுரை வந்தது. அவரிடமிருந்த மற்றொரு அரிய மரபணு மாற்றம் அவரைக் காத்தது என்பது, இன்று புதிய மருந்து தேடுகிறவர்கள் பின்தொடரும் தடம். லொபேரா 2024 செப்டம்பரில் மறைந்தார். உலகத்துக்கு அந்த ஏழைக் குடும்பங்கள் கொடுத்ததற்கு உலகம் அவர்களுக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வி அங்கே இன்னும் பேசப்படுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வசதி அந்த மலைகளில் இன்றும் போதாது. இந்த மரபணுவின் விடை மருந்தாக வரும் நாளில் முதல் ஊசி அங்கே போய்ச் சேர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இப்போது நடப்பதைச் சொல்லாமல் விட முடியாது. தேவாலயம், மருத்துவமனை, பள்ளி ஆகிய இடங்களில் குடியேற்றத் துறை கைது நடவடிக்கையைப் பெரும்பாலும் தவிர்க்கும் என்ற வழிகாட்டுதல் அமெரிக்காவில் இருந்தது. 2025 ஜனவரியில் அதை நீக்கிவிட்டார்கள். நாங்கள் முதியவர்களைச் சந்தித்ததெல்லாம் எங்கே? தேவாலய மண்டபத்தில், மருத்துவமனையில். பாட்டிக்கு எல்லாத் தாள்களும் சரியாக இருக்கலாம், அவரை அழைத்து வரும் மகனுக்கு இல்லாமல் இருக்கலாம். ஒரே வீட்டில் நான்கு வகைக் குடியுரிமை இருக்கும். அதே ஆண்டில் சிறுபான்மையினரின் நலன் பற்றிய ஆய்வு மானியங்கள் பலவற்றையும் அரசு ரத்து செய்தது. பத்தாண்டு, இருபதாண்டு வீடு தேடிப் போய்ச் சேர்த்த உறவு, ஒரு தொலைபேசி வராமல் போனால் அறுந்துவிடும். நிதி நின்றதால்தான் யாரும் அழைக்கவில்லை என்று அந்த முதியவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? வேலை முடிந்ததும் மறந்துவிட்டார்கள் என்றுதானே நினைப்பார்கள்.

இரத்தத்தில் பி-டாவ் 217 என்ற புரதத்தை அளந்து அல்சைமரைக் கண்டறியும் முறை இப்போது வந்துவிட்டது. முதுகில் ஊசி தேவையில்லை, கோடிகள் விலையுள்ள ஸ்கேன் இயந்திரமும் தேவையில்லை. தெருமுனைச் சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். இந்த மக்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த அளவு நோயில்லாமலே ஏறிக் காட்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் இவர்களிடையே அதிகம். டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் சிட் ஓ'பிரயண்ட் குழுவினர் மெக்சிகோ அமெரிக்கர், கறுப்பினத்தவர், வெள்ளையர் என மூன்று பிரிவிலும் ஆயிரம் பேர் வீதம் சேர்த்து இப்படிப்பட்ட இரத்த அளவுகளைப் பார்த்துவருகிறார்கள். எந்த அளவைத் தாண்டினால் நோய் என்று வரையறுக்கும்போது அந்த ஆயிரம் மெக்சிகோ அமெரிக்கர்களின் எண்களும் மேஜையில் இருக்கும்.

ஆய்வுத் திட்டம் எழுதும் இளைஞர்கள் சிலர் இந்த அவையில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரவு செலவுத் திட்டத்தில், ஆய்வு முடிந்தபின் அதே வீடுகளுக்குத் திரும்பிப் போய் முடிவைச் சொல்வதற்கென்று ஒரு வரி எழுதுங்கள். வண்டிச் செலவு, மொழி தெரிந்தவரின் சம்பளம், அந்தத் தெருவில் அரைநாள் கூட்டம். நிதி கொடுப்பவர்கள் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.